விழுத்தினால் எழுப்ப வேண்டும்

வெள்ளவத்தை,
26.06.2025

நிஷாந்தினி,

தொலைபேசியில் என்னை முடக்கிவிட்டாய். வாட்ஸ்அப்பிலும் அதே கதை. மின்னஞ்சல்கள் எங்கே போய் விழுகின்றன என்று தெரியவில்லை. தபாற்காரரை முடக்க உன்னால் முடியாது என்ற துணிவில் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். பரீட்சை மண்டபத்தை விட்டு வந்த பிறகு இவ்வளவு நீளமாகக் கையால் எழுதியதில்லை. எழுத்து விளங்காவிட்டால் அதற்கும் என்னைத்தான் திட்டுவாய், திட்டு.

சனிக்கிழமை ஐறீன் அக்காவின் டியூஷன் அறையில் நான் எழும்பி, “இனி மூன்றாம் சனியை எங்கட கம்பனி பொறுப்பெடுக்கப் போகுது” என்று சொன்னேன். நீ லெப்டொப்பை மூடிப் பையில் போட்டு, படியிறங்கிப் போய்விட்டாய். அத்தனை பேருக்கும் முன்னால் நான் வாயைத் திறந்தபடி நின்றேன். உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும்தான். சொன்னால் மாட்டேன் என்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

இப்போதாவது கேள். மூன்று வருடமாக மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையில் டேட்டாபேஸ் வேலை செய்கிறவர்களைக் கூட்டிவைத்துக் கதைக்கிறோம். வருவது அதே முகங்கள். அறையில் ஒரே ஒரு ஃபான், அதுவும் கரும்பலகைக்குத்தான் காற்று வீசுகிறது. எங்கள் கம்பனி வெள்ளவத்தையில் கடல் தெரியும் மண்டபம் தருகிறது, ஏசியோடு, சாப்பாட்டோடு. பேச்சு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், ஸ்லைடுகளை முன்கூட்டியே காட்ட வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள். இந்தக் குழுவை வளர்ப்பதற்கென்றுதான் என்னை வேலைக்கே எடுத்தார்கள் என்பது உனக்குத் தெரியும்.

இன்னொரு செய்தி. பெப்ரவரியில் நாம் இருவரும் சேர்ந்து அனுப்பிய பேச்சை வருடாந்த மாநாட்டில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். செப்டம்பர் 11, கொழும்பு மூன்றில் ஹோட்டல், பெரிய மண்டபம். வேலை செய்யாமல் விழுந்த டேட்டாபேஸைத் திரும்ப எழுப்புவது பற்றி நீதான் பேச வேண்டும். ஆனால் செய்துகாட்டுவதை முன்பே பதிவுசெய்து வீடியோவாகத்தான் போட வேண்டுமாம். எங்கள் கம்பனிதான் பிரதான அனுசரணை. “மேடையில ஒண்டும் விழக்கூடாது” என்று எங்கள் மனேஜர் நாகேந்திரம் சேர் சொல்லிவிட்டார்.

ஓம் என்று ஒரு வரி எழுது.

சுபோதினி

*

கொட்டாஞ்சேனை,
02.07.2025

மதிப்புக்குரிய சுபோதினி மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறதோ என்று பயந்து அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, விபூதியும் போட்டிருந்தார். பதில்: மாட்டேன். மீதியை வாசிக்க நேரமில்லையென்றால் இதோடு மடித்து வைத்துவிடலாம்.

நேரமிருந்தால் உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். நீயும் நானும் பொரளையில் ஒரே லாபில் வேலை செய்தோம். கரண்ட் வந்து வந்து போன வருஷம். ஒரு நாள் மத்தியானம் கரண்ட்டோடு டேட்டாபேஸும் விழுந்து, ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டிய இரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. மேலதிகாரி கதவடியில் நின்று கத்த, நாம் இருவரும் அதை எழுப்பினோம். வெளியே வந்து டீ குடிக்கும்போது நீதான் சொன்னாய்: “இதை வெக்கப்படாமக் கேக்கிறதுக்கு ஒரு இடம் வேணும், நிஷா.” மூன்றாம் சனி அந்த வாயிலிருந்துதான் வந்தது. இப்போது அதே வாய் ஏசி கேட்கிறது.

நம் விதி என்ன? பேச வருகிறவர் தன் டேட்டாபேஸை எல்லாருக்கும் முன்னால் விழுத்தி, எல்லாருக்கும் முன்னால் எழுப்ப வேண்டும். எழும்பும்வரை ஒருவரும் சிரிக்கக் கூடாது. எழும்பிய பிறகு வயிறு வலிக்கச் சிரிக்கலாம், ஐறீன் அக்கா சுட்டுவரும் ரோல்ஸில் முதலாவது விழுத்தியவருக்கு. ஒஃபிஸில் விழுத்தியவர் ஒளிந்துகொள்கிறார். நம் அறையில்தான் முன்னால் வந்து நிற்கிறார். மருந்து மொத்த வியாபாரக் கம்பனியில் வேலை செய்யும் நம் பஹ்மியா முதல் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. இன்று அவளைப் பிடித்து உட்கார வைக்கத்தான் பாடு. ஸ்லைடைக் காட்டி அனுமதி வாங்கு, இங்கிலீஷில் பேசு, ஒன்றையும் விழுத்தாதே என்று சொல்லியிருந்தால் அவள் இன்னும் கதவோரக் கதிரையில்தான் இருந்திருப்பாள்.

மூன்றாம் சனி கொட்டாஞ்சேனையில்தான் நடக்கும், ஜூலை 19, நாலு மணிக்கு. உன் மண்டபத்தில் நீ கடலைப் பார்த்துக்கொண்டிரு. மாநாட்டுக்கும் வருவேன். தமிழில் பேசுவேன். மேடையில் விழுத்தி மேடையிலேயே எழுப்புவேன். நாகேந்திரம் சேருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வை.

இன்னொன்று. நேற்று நம் இணையதளத்தின் டேட்டாபேஸுக்குள் போய் அமைப்பாளர் பட்டியலிலிருந்து உன்னை நீக்கினேன். நீ உள்ளே வரும் கணக்கையும் அழித்துவிட்டேன். கம்பனிக்காரிக்கு அங்கே வேலையில்லை.

நிஷாந்தினி

*

வெள்ளவத்தை,
09.07.2025

நிஷாந்தினி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுத் தளத்தைத் திறந்து பார்த்தேன். நீ பார்த்தாயா? பார்த்திருக்கமாட்டாய். பார்த்திருந்தால் இவ்வளவு குதித்திருக்கமாட்டாய்.

அங்கே ஒன்றும் இல்லை. அமைப்பாளர் ஒருவரை நீக்கினால் அவர் பெயரில் பதிந்த கூட்டங்களும் தாமாகவே நீங்க வேண்டும் என்று அமைத்தது நீ. “குப்பை சேராது, நீட்டா இருக்கும்” என்றாய். எல்லாக் கூட்டங்களையும் பதிந்தது நான், ஏனென்றால் தட்டச்சு செய்ய உனக்குப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். என்னை நீக்கினாய், கூட்டங்கள் போயின. கூட்டங்களோடு சேர்ந்து மூன்று வருடத்தில் யார் எதை விழுத்தினார், எப்படி எழுப்பினார் என்று நாம் எழுதிவைத்த அத்தனையும் போய்விட்டது. என் பெயரை எடுத்தால் மூன்றாம் சனியில் மிஞ்சுவது வெறும் தலைப்பும் ஐறீன் அக்கா வீட்டு வரைபடமும்தான். இதைப் பெருமையில் எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன்.

கம்பனிக்காரி என்கிறாய். புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தது யார்? உன் வீட்டில் சொல்வதுபோல் நான் கடலோரத்துப் பிள்ளைதான். ஆனால் ஐறீன் அக்கா அறையின் வெக்கையில் மாதாமாதம் நானும்தான் அவிந்தேன். ஒரு நாளாவது நீ வெள்ளவத்தைப் பக்கம் வந்திருக்கிறாயா? எங்கள் வீட்டுப் படியை மிதித்திருக்கிறாயா? எப்போதும் நான்தான் வர வேண்டும், நான்தான் தூக்க வேண்டும், நான்தான் பதிய வேண்டும். பிறகு ஒரே ஒரு வரி தட்டி நீ என்னை அழித்துவிடலாம்.

கொன்ஃபரன்ஸில் தமிழுக்கு இடமில்லை என்று குழு சொல்லிவிட்டது. உன் பெயரை இன்னும் எடுக்கவில்லை. அதுவும் நான் சண்டை பிடித்ததால்.

நீதானே எழுப்புவதில் பெரிய ஆள். எழுப்பு, பார்க்கலாம்.

சுபோதினி

*

கொட்டாஞ்சேனை,
21.07.2025

சுபோதினி,

பார்த்தேன். நீ சொன்னது சரி, ஒரு கூட்டமும் இல்லை. அதை நினைத்து நான் அழுதேன் என்று எண்ணிவிடாதே. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பேக்கப் நீ எடுக்கிறாய் என்று நான் நினைத்திருந்தேன். நான் எடுக்கிறேன் என்று நீ நினைத்திருந்தாயா? வேண்டாம், பதில் எழுதாதே. பேக்கப் எடு, எடுத்ததைத் திறந்து பார், திறக்காத பேக்கப்பும் இல்லாத பேக்கப்பும் ஒன்று என்று மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் தொண்டை கிழியச் சொன்ன இரண்டு பேர், தங்கள் வீட்டுக் கதவைப் பூட்டவில்லை. தளத்துக்கு இடம் தருகிறவர்களிடமும் கேட்டேன். நாம் வாங்கியிருக்கும் திட்டத்தில் அது சேர்த்தியில்லையாம்.

சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். மற்றவர்கள் உன் மண்டபத்துக்கு வந்திருப்பார்கள், சாப்பாடு நல்லதாம். பஹ்மியா பேசுவதாக இருந்தது. நான் எழும்பி, “இன்னைக்கு நான் பேசுறேன்” என்றேன். நடந்ததைச் சொன்னேன். உன்னை நீக்கியதையும் ஏன் நீக்கினேன் என்பதையும் சொன்னேன். அரிசி மில் நுஸ்கி நாநா, “சரி, இப்ப எழுப்பிக் காட்டுங்க” என்றார். எழுப்ப ஒன்றும் இல்லை என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எழும்பாததால் சிரிக்க முடியாதே. மூன்றாம் சனி சிரிப்பில்லாமல் முடிந்தது அன்றைக்குத்தான். ஐறீன் அக்கா முதல் ரோல்ஸை என் முன்னால் வைத்தார். நான் அதைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். எழுப்பாமல் தின்ன எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்காக நான் இறங்கி வருவேன் என்று காத்திருக்காதே. தளம் போனாலும் விதி இருக்கிறது, அறை இருக்கிறது. ஆடிவேல் தேர்கூடச் செட்டியார் தெருவிலிருந்து கிளம்பி உங்கள் பக்கம் வந்தாலும் கடைசியில் எங்கள் பக்கம்தான் திரும்பி வருகிறது. உன் படியை நான் மிதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ ஒரு நாளாவது வா என்று கூப்பிட்டாயா?

நிஷாந்தினி

*

வெள்ளவத்தை,
01.08.2025

நிஷா,

கூப்பிடவில்லை. அது உண்மை. அதற்கு என்ன காரணம் என்று யோசித்தேன். நல்ல காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் கூட்டம் பற்றிக் கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். மண்டபம் நிறைந்தது. ஸ்லைடுகள் அழகு. பேசியவரின் ஆங்கிலமும் அழகு. கடைசியில் நான் மைக்கைப் பிடித்து, கேள்விகள் உண்டா என்று கேட்டேன். ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நாகேந்திரம் சேருக்குச் சரியான சந்தோஷம்.

லிஃப்டில் இறங்கும்போது ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். பெயர் யோகேஸ்வரி, ஒரு பாடசாலைப் புத்தக இறக்குமதிக் கம்பனியில் வேலை. குரலைத் தாழ்த்தி, “அக்கா, போன கிழமை நான் டேட்டாபேஸில ஒரு டேபிளையே அழிச்சுப் போட்டன். ஒஃபிஸில இன்னும் ஆருக்கும் சொல்லேல்ல. இதை இங்க கேக்கலாமோ?” என்றாள். “இங்க கேக்காதயும்” என்று என் வாய் சொன்னது. பிறகு கொட்டாஞ்சேனை முகவரியை எழுதிக் கொடுத்தேன். வீடு வந்து சேரும்வரை என்மீதே எனக்கு எரிச்சல்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். என்னிடம் நம் தளத்தின் கொப்பி ஒன்று இருக்கிறது. மார்ச்சில் இந்தக் கம்பனியில் சேர்ந்தபோது என் பழைய லெப்டொப்பிலிருந்த எல்லாவற்றையும் புதியதுக்கு மாற்றினேன். அப்போது நம் தளத்தையும் ஒருமுறை முழுதாக எடுத்து வைத்தேன். அதை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. திறக்குமோ தெரியாது. நீ சொல்வதுபோல் அது இன்னும் பேக்கப் இல்லை.

சந்தோஷத்தில் அதை நாகேந்திரம் சேரிடமும் சொல்லிவிட்டேன். “கம்பனி லெப்டொப்பில இருக்கிறது கம்பனியின்ர. அவை எங்களோட சேர்ந்தால் தாறம் எண்டு சொல்லும்” என்றார். அதாவது நீங்கள் வெள்ளவத்தைக்கு வந்தால், நீ ஆங்கிலத்தில், வீடியோவோடு பேசினால். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் உன்னிடம் மறைக்க மனமில்லை. என்ன சொல்கிறாய்?

சுபோ

*

கொட்டாஞ்சேனை,
18.08.2025

சுபோதினி,

கொப்பியை நீயே வைத்துக்கொள். உன் சேருக்கு ஒரு படச்சட்டம் வாங்கிக் கொடு, அதை மாட்டிச் சுவரில் தொங்கவிடட்டும்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சனிக்கிழமை கதிரைகளை வட்டமாகப் போட்டோம். மூன்று வருஷத்தை ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினோம். நுஸ்கி நாநா தன் அரிசி மில்லின் ஒரு வருஷக் கணக்கை ஒரே தட்டலில் விழுத்திய கதையை நடித்தே காட்டினார். பஹ்மியா தன்னுடையதைவிட மற்றவர்களுடையதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாள். ஐறீன் அக்காவுக்கு டேட்டாபேஸ் என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது, ஆனால் எந்த மாதம் யார் முதல் ரோல்ஸ் தின்றார் என்று தெரியும். ஏப்ரல், மே, ஜூன் முழுதாக வந்துவிட்டது. அதற்கு முன்னால் போகப் போக ஓட்டை விழுகிறது. நீதான் இல்லை, நீ இருந்தால் தேதியோடு சொல்வாய். இதைக் குறையாக எழுதவில்லை, கோபமாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய யோகேஸ்வரி வந்தாள். கதவருகில் நின்றவளை பஹ்மியா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அழித்த டேபிளை எல்லாரும் சேர்ந்து எழுப்பிக் கொடுத்தோம். சிரித்தோமா என்று கேட்கிறாயா? அவளுடையதுக்குச் சிரித்தோம். என்னுடையதுக்கு இன்னும் கடன் இருக்கிறது.

மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் என் பெயர் அச்சாகி வந்திருப்பதைப் பார்த்தேன். அதில் “மூன்றாம் சனி” என்பதற்குக் கீழே உன் கம்பனியின் சின்னத்தையும் பார்த்தேன். யாரைக் கேட்டுப் போட்டார்கள்? கரண்ட் இல்லாத காலத்தில் பேட்டரி சாகும்வரை பேசிய கூட்டம் அது. நான் வருவேன் சுபோதினி. மைக்கைப் பிடுங்கினால் மைக் இல்லாமல் பேசுவேன். வெளியே தள்ளினால் வாசலில், வெளியே போகும் எல்லாருக்கும் முன்னால் விழுத்திக் காட்டுவேன். ஜிந்துப்பிட்டிச் சந்தியில் பிறந்து வளர்ந்த தொண்டை இது, லொறி ஹோர்னுக்கு மேலால் பேசிப் பழகியது.

நிஷாந்தினி

*

வெள்ளவத்தை,
04.09.2025

நிஷா,

இதை நுஸ்கி நாநாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போனால் நேரத்துக்கு வராது.

உன் பெயரில் முப்பது ஸ்லைடுகள் செய்து குழுவுக்கு அனுப்பினேன். ஆங்கிலம், கம்பனி வார்ப்புரு, மூலையில் சின்னம். ஒன்றும் விழாத ஒரு வீடியோவும் வைத்தேன். எல்லாவற்றையும் அங்கீகரித்துவிட்டார்கள். “எக்ஸலண்ட்” என்று நாகேந்திரம் சேர் பதில் போட்டிருக்கிறார். நீ அவற்றைத் திறக்கத் தேவையில்லை. மேடைக்குப் போ, முதல் ஸ்லைடைக் காட்டு, மூடு. பிறகு உன் பாடு.

அந்தக் கொப்பியை ஒரு பென் டிரைவில் எடுத்துவிட்டேன். அது மூன்றாம் சனியுடையது. கம்பனி லெப்டொப்பில் ஏறியதால் கம்பனியுடையதாகிவிடாது. என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்லுவேன், எவர் கேட்டாலும். இதனுடன் அதை அனுப்பலாம் என்று யோசித்தேன், அனுப்பவில்லை. நான் திறந்து பார்க்கவில்லை, நீயும் வீட்டில் திறந்து பார்க்கக் கூடாது. உன் விதிப்படி எல்லாருக்கும் முன்னால் எழுப்பு. எழும்பாவிட்டால் ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் விழுந்து கிடப்போம். எனக்குப் பயம்தான். ஆனால் அந்த லிஃப்டில் என் வாய் சொன்ன பதிலைவிட இது பரவாயில்லை.

ஒன்று மட்டும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். கம்பனிக்காரி என்று நீ திட்டியது வலிக்கவில்லை. படியிறங்கிப் போனதுகூட வலிக்கவில்லை. உட்கார்ந்து, என் பெயரைத் தேடிப் பிடித்து, அழித்தாய் பார், அதுதான். சண்டை பிடித்தால் கத்த வேண்டியதுதானே, ஏன் அழித்தாய்?

மேடையின் இடப்பக்கம், முன்வரிசையில் இருப்பேன்.

சுபோ

*

கொட்டாஞ்சேனை,
07.09.2025

சுபோ,

வருகிறேன். பென் டிரைவை மறந்துவிடாதே. எங்கள் ஆட்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஐறீன் அக்கா உட்பட. உள்ளே வர அட்டை வேண்டுமாம், நீ பார்த்துக்கொள்.

சேலை கட்டச் சொல்கிறார் அம்மா. கட்டமாட்டேன்.

கடைசியாக நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

நிஷா

*

வெள்ளவத்தை,
15.09.2025

நிஷா,

அன்றைக்கு மேடைக்குக் கீழே ஒரே சனம், உன்னோடு ஒரு சொல் கதைக்க முடியவில்லை. அதனால் நீ பார்க்காத பகுதியை எழுதுகிறேன்.

நீ முதல் ஸ்லைடை மூடிவிட்டு, “வணக்கம். ஜூலை மாசம் நான் என் சிநேகிதியை அழிச்சேன்” என்று தொடங்கினாயே, என் பக்கத்தில் இருந்த நாகேந்திரம் சேர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஸ்லைட் எங்க?” என்றார். “இதுதான் சேர்” என்றேன். நீ ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி, அதையே உன் ஜிந்துப்பிட்டிச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னாய். மண்டபத்தில் ஒருவரும் தொலைபேசியைப் பார்க்கவில்லை. அதை அவரும் கவனித்தார்.

நீ கையை நீட்டினாய், நான் எழும்பி வந்து பென் டிரைவைத் தந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. எழுப்பத் தொடங்கினாய், சிவப்பில் ஒரு வரி வந்து எல்லாம் நின்றது. அவ்வளவு பெரிய திரையில், அவ்வளவு பெரிய எழுத்தில்: சுபோதினி என்ற பயனர் இல்லை.

நான் எடுத்த கொப்பி, அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் என் பெயரில்தான் உரிமை. அந்தப் பெயர் இல்லாமல் அது எழும்பாது. எனக்கு அது தோன்றவே இல்லை, உனக்கும் தோன்றியிருக்காது. நாகேந்திரம் சேர் குனிந்து, “சுபோதினி எண்ட யூசர் இல்லையாம். அது நீர்தானே?” என்றார். “ஓம் சேர், நான்தான்” என்றேன். எனக்குப் பின்னால் இருந்த ஒரு சிங்களப் பொடியன், “யூசர்வ ஹதன்ன நங்கி!” என்று கத்தினான். அந்த ஆளை உருவாக்கு தங்கச்சி என்று உனக்கு அவன் சொல்ல வேண்டியிருந்தது. நீ சும்மா நின்றாய். எவ்வளவு நேரம் நின்றாய் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது நெடுநேரம்.

பிறகு நீ என் பெயரைத் தட்டச்சு செய்தாய். உனக்குத்தான் தட்டச்சு செய்யப் பஞ்சியாயிற்றே.

இன்று காலை விளக்கம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தந்தார்கள். மத்தியானத்துக்கு முன் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். “மேடையில் விழுந்தது. மேடையிலேயே எழுந்தது. கொப்பி மூன்றாம் சனியுடையது. சின்னத்தை எடுத்துவிடவும்.” தமிழில் எழுதினேன். “இதை நான் மேலிடத்துக்கு எப்பிடி அனுப்புறது?” என்று நாகேந்திரம் சேர் கேட்டார். “நல்ல மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டால் கொட்டாஞ்சேனையில கேட்டுப் பாருங்கோ” என்றேன். வேலை இருக்குமோ தெரியாது. இருந்தாலும் கடல் பார்க்கும் மண்டபத்தில் இனி நான் மைக் பிடிக்கமாட்டேன்.

நீ அழித்ததை நான் மறந்துவிடவில்லை. உன் மேல் கோபம் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வா. கூப்பிடுகிறேன், பார்.

சுபோ

*

கொட்டாஞ்சேனை,
17.09.2025

சுபோ,

வருகிறேன். நண்டு இல்லாவிட்டால் படியிலிருந்தே திரும்பிப் போய்விடுவேன்.

நீ முன்வரிசையில் இருந்ததால் பின்வரிசையைப் பார்க்கவில்லை. சிவப்பு வரி வந்தபோது பஹ்மியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். யோகேஸ்வரி கண்ணை மூடிவிட்டாள். ஐறீன் அக்கா சிலுவை போட்டார். எழும்பும்வரை சிரிக்கக் கூடாது என்பதை அந்த ஹோட்டலிலும் அவர்கள் மறக்கவில்லை. நான் ஏன் நின்றேன் என்று கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று முதல் நொடியிலேயே எனக்குத் தெரியும். உன் பெயரை அத்தனை பேருக்கு முன்னால் தட்டினால் அழுதுவிடுவேனோ என்று பயந்து நின்றேன். அங்கே வெங்காயமும் இல்லை.

கடைசிக் கூட்டமும் திரையில் ஏறி முடிந்ததும் நுஸ்கி நாநாதான் முதலில் வெடித்தார். பிறகு அந்த வரிசை முழுக்க. சிங்களப் பொடியனும் ஏன் என்று தெரியாமலே சிரித்தான். ஜூலையிலிருந்து சேர்த்து வைத்த சிரிப்பு. ஐறீன் அக்கா பையிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்து வரிசை வரிசையாகக் கைமாற்றி மேடைக்கு அனுப்பினார். வெளிச் சாப்பாடு கூடாது என்று வாசலில் எழுதியிருந்தது. மைக் முன்னாலேயே தின்றேன்.

மார்ச் வரைக்கும் உன் கொப்பியில் இருந்தது. ஏப்ரல், மே, ஜூன் எங்கள் ஞாபகத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டேன். இனி பேக்கப் இரண்டு பேரும் எடுக்கிறோம், இரண்டு பேரும் திறந்து பார்க்கிறோம்.

சனிக்கிழமை நாலு மணிக்கு நீதான் பேசுகிறாய். எதை விழுத்துவது என்று நீயே யோசி, கம்பனியைத் தவிர. புரொஜெக்டரை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். தொலைபேசியில் உன்னை இன்னும் விடுவிக்கவில்லை. கடிதத்தில் நீ நன்றாகச் சண்டை பிடிக்கிறாய்.

இன்னொரு வேலையும் செய்தேன். அமைப்பாளரை நீக்கினால் அவருடைய எல்லாமே நீங்கும் என்ற விதியை எடுத்துவிட்டேன். ஒருவர் பெயரில் ஒரு கூட்டமாவது இருந்தால் அவரை நீக்கவே முடியாது என்று மாற்றி வைத்தேன். ஜிந்துப்பிட்டிச் சிங்களம் என்று நீ எழுதியிருந்ததை வாசித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு, உள்ளே போய் உன் பெயரைத் தேடிப் பிடித்து நீக்கிப் பார்த்தேன்.

மறுத்துவிட்டது.

நிஷா